மறதி வருத்தத்துக்குப் பாட்டா, ஓலையா, ஓவியமா, கதையா?

வீட்டில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மறதி வருத்தம் (டிமென்ஷியா) என்று டொக்டர் சொல்லி மருந்தும் எழுதித் தந்த பிறகு, வீட்டாருக்கு உடனே எழும் கேள்வி ஒன்று உண்டு: இனி இவரின் பகல் பொழுது எப்படிக் கழியப்போகிறது? கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் மியூசிக் தெரபி, ஆர்ட் தெரபி, டான்ஸ் தெரபி என்று தேடித் தேடி வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். இங்கே பக்கத்தில் நின்று பார்ப்பவர் மகளாகவோ மருமகளாகவோ இருப்பார். கனக்க வீடுகளில் அவரே எழுபதைத் தாண்டிய கணவன் அல்லது மனைவி. சமையல், குளிப்பாட்டு, மருந்து, கிளினிக் எல்லாம் போக அவருக்கு மிஞ்சுவது கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தை எதில் போடுவது?

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்து வீடு ஒன்றில் சேர்ந்து பாடுவதில் தொடங்குங்கள். அதற்கு அடுத்தது, அவரின் கைக்கு முன்பே பழக்கமான ஒரு வேலை. ஓவியம் சிலருக்கு அருமையாகப் பொருந்தும். பழைய கதைகளைக் கிளறுவதும் நல்லது, ஆனால் எங்கள் ஊரில் அதை மிகக் கவனமாகச் செய்ய வேண்டும். உங்கள் வீட்டு ஆளைப் பொறுத்து இந்த வரிசை மாறும். எங்கே மாறும் என்பதையும் சொல்கிறேன்.

அதற்கு முன் இரண்டு விஷயங்கள். முதலாவது, காதும் கண்ணும். காதில் குறும்பி அடைத்திருப்பவருக்குப் பாட்டும் கேட்காது, வெண்புரை முற்றியவருக்கு வண்ணமும் தெரியாது. மறதி நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும், ஆனால் நாம் ஏதாவது செய்யக்கூடிய காரணிகள் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் 14 காரணிகளைப் பட்டியலிட்டது. காது கேட்பது குறைவதும் சீராக்காத பார்வைக் குறைவும் அதில் இருக்கின்றன. ஆகவே முதலில் காது, கண் கிளினிக். இரண்டாவது, நேற்றுவரை ஓரளவு இருந்தவர் இரண்டு மூன்று நாளில் திடீரென்று மாறாட்டமாகக் கதைக்கத் தொடங்கினால் அதற்குப் பாட்டு மருந்தாகாது. சலத்தில் (சிறுநீரில்) கிருமி, உடம்பில் நீர் வற்றியது, புதிதாகத் தொடங்கிய ஒரு மாத்திரை என்று ஏதோ ஒன்று இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தைரொயிட் குறைபாடு, பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியவையும் மறதிபோலவே தெரியும், மருந்தில் சரிவரக்கூடியவை. இவற்றைப் பார்த்து முடித்தபிறகுதான் கலை.

கலை எதைத் தரும், எதைத் தராது என்பதிலும் தெளிவு வேண்டும். போன ஞாபகத்தைத் திருப்பிக் கொண்டுவரும் கலை ஒன்றும் இல்லை. அப்படிச் சொல்லிக் காசு கேட்பவரை நம்பாதீர்கள். கிடைக்கக்கூடியது வேறு: மனம் சோர்ந்து மூலையில் இருப்பது குறையலாம், முகம் தெளியலாம், அன்றைய நாளில் ஒரு நல்ல நேரம் உண்டாகலாம், பார்ப்பவருக்கும் அவருக்கும் இடையில் சண்டையில்லாத ஒரு உறவு திரும்பலாம். மறதி வருத்தம் உள்ளவருக்கும் வீட்டாருக்கும் அது சின்ன விஷயம் இல்லை.

பாட்டு

ஆராய்ச்சியில் மற்றவற்றைவிட வலுவாக நிற்பது இசைதான். கொக்ரேன் அமைப்பு உலகெங்கும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துச் சீர்தூக்கி அறிக்கை எழுதுவது. மறதி நோய்க்கு இசை பற்றிய அதன் அறிக்கை 2025இல் புதுப்பிக்கப்பட்டபோது 30 ஆய்வுகள், 1720 பேர் அதில் அடங்கினார்கள். மனச்சோர்வு சற்றுக் குறைகிறது, நடத்தைச் சிக்கல்கள் மொத்தத்தில் ஓரளவு குறையலாம், ஆனால் ஆத்திரம், கிளர்ச்சி (அந்தரப்பட்டு நிலைகொள்ளாமல் இருப்பது), ஞாபகசக்தி ஆகியவற்றில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம் என்பது அதன் சாரம்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது 2022இல் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு. முதியோர் இல்லங்களில் மறதியும் மனச்சோர்வும் உள்ள 318 பேரை எடுத்தார்கள். சிலருக்குப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் சின்னக் குழுவாக இசைச் சிகிச்சை கொடுத்தார். வேறு சிலர் பெரிய குழுவாக, பொழுதுபோக்காகச் சேர்ந்து பாடினார்கள். மனச்சோர்வைத் தெளிவாகக் குறைத்தது அந்தச் சேர்ந்திசைதான். இசைச் சிகிச்சையாளரைத் தேடிப்பிடிக்க முடியாத எங்கள் ஊருக்கு இது பெரிய ஆறுதல். கோயில் பஜனையும், மார்கழி விடியலில் திருவெம்பாவை பாடிக்கொண்டு வீதியால் போவதும், செபமாலைக்குப் பிறகு வீட்டில் எல்லோரும் கீதம் பாடுவதும் எங்களிடம் ஏற்கெனவே உள்ளவை.

பாட்டு ஏன் கடைசிவரை நிற்கிறது என்பதற்கும் ஒரு காரணம் சொல்கிறார்கள். நெடுநாள் பழகிய இசையை வைத்திருக்கும் மூளைப் பகுதிகளை, மறதி வருத்தத்தில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமர் நோய் மற்றப் பகுதிகளைவிடப் பிந்தித்தான் தாக்குகிறது என்று ஜெர்மனியில் நடந்த ஒரு ஆய்வு 2015இல் காட்டியது. காலையில் சாப்பிட்டதைச் சொல்ல முடியாதவர் தேவாரத்தின் முதல் அடியைக் கேட்டதும் பதிகத்தை முழுதாகப் பாடி முடிப்பதை எங்கள் ஊரில் பார்க்காதவர் குறைவு.

வீட்டில் எப்படிச் செய்வது? எங்கள் கோயில்களில் கந்தபுராணம் படிக்கும் முறையை நினைத்துப் பாருங்கள். ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார், இன்னொருவர் பயன், அதாவது பொருள், சொல்வார். ஒருவர் நிறுத்தும் இடத்தில் மற்றவர் தொடங்குவார். வீட்டிலும் அப்படியே நீங்கள் அரை அடி பாடி நிறுத்துங்கள், மிச்சத்தை அவர் எடுப்பார். எடுக்காவிட்டால் நீங்களே பாடி முடியுங்கள். "மறந்துபோச்சோ?" என்று மட்டும் கேட்க வேண்டாம். சொற்கள் மாறினாலும் திருத்த வேண்டாம்.

எந்தப் பாட்டு என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மனிதருக்குப் பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரை கேட்டவையும் நடந்தவையும் மற்றக் காலத்தவற்றைவிட ஆழமாகப் பதிகின்றன. 1947இல் பிறந்தவர் என்றால் அது 1957 முதல் 1977 வரை. இலங்கை வானொலியில் அவர் அந்தக் காலத்தில் கேட்ட சினிமாப் பாட்டு, பள்ளிக்கூடத்தில் பாடிய பதிகம், கல்யாண வீட்டு நாதஸ்வரம், விடிய விடிய முற்றவெளியில் பார்த்த இசை நாடகப் பாட்டு. உங்களுக்குப் பிடித்த பாட்டு அவருக்கு வெறும் சத்தமாக இருக்கக்கூடும். பாஷையூர், குருநகர்ப் பக்கத்தில் கூத்துப் பார்த்து வளர்ந்தவருக்குக் கூத்து மெட்டு, இணுவிலில் தவில் கேட்டு வளர்ந்தவருக்குத் தவில். ஊரையும் கேட்டுத் தெரிவு செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. திருவாசகத்தில் திருப்பொற்சுண்ணம் எங்கள் செத்தவீடுகளில் சுண்ணம் இடிக்கும்போது பாடுவது. பக்திப் பாட்டுத்தானே என்று தொகுப்பாகப் போட்டுவிட்டால் அது வந்ததும் பலர் கலங்கிப்போவார்கள். அரிச்சந்திரன் நாடகத்தின் மயான காண்டப் பாட்டும் அப்படித்தான். இசை நாடக நடிகர் வி. வி. வைரமுத்துவின் நடிப்பில் அதைப் பார்த்துக் கண்ணீர் விட்ட தலைமுறை இது. அந்தக் கண்ணீர் சிலருக்கு இதமாக இருக்கும், சிலரை இரவு முழுக்க அந்தரப்படுத்தும். முகத்தைப் பார்த்து முடிவெடுங்கள்.

யூடியூப்பில் போடாதீர்கள். நல்ல பாட்டுக்கு நடுவில் விளம்பரம் வந்து கத்தும், அவர் திடுக்கிடுவார். பாட்டுகளை ஒரு பென் டிரைவில் ஏற்றி, சின்ன ரேடியோவில் போடுவது போதும். பொழுதுபடும் நேரத்தில் "வீட்டை போகவேணும்" என்று படலைக்கும் திண்ணைக்கும் நடப்பவராக இருந்தால், அந்த அந்தரம் வழக்கமாகத் தொடங்கும் நேரத்துக்கு அரை மணித்தியாலம் முந்தியே தொடங்குங்கள். லிண்டா கெர்ட்னர் என்ற அமெரிக்கத் தாதியியல் ஆய்வாளர் வகுத்த வழிமுறை இது. மேலே சொன்ன கொக்ரேன் அறிக்கையின்படி கிளர்ச்சியில் சராசரிப் பலன் பெரிதில்லை என்றாலும், செலவில்லாத இந்த முயற்சியைச் செய்து பார்ப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. முகம் சுழித்தாலோ கையால் தள்ளினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். நாள் முழுக்க ஓடும் பாட்டும் வேண்டாம். கொஞ்ச நேரத்தில் அது இரைச்சலாகிவிடும்.

கைவேலை

எங்கள் வீட்டில் பாட்டைவிட ஓலைதான் வேலை செய்தது. என் மாமி வடமராட்சியில் பிறந்தவர். சின்ன வயதில் பனையோலையில் கடகமும் நீற்றுப்பெட்டியும் இழைத்த கை. வருத்தம் முற்றிய பிறகு என்னைத் தன் தங்கச்சி என்று நினைத்துக் கூப்பிடுவார், சில நேரம் ஆரென்றே தெரியாது. ஒரு பின்னேரம் கொஞ்சம் சார்வோலையை அவரின் மடியில் வைத்தேன். சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு கீற்றை எடுத்து எனக்குத் தெரிந்த மாதிரி மடிக்கத் தொடங்கியதும் குரல் வந்தது: "இதென்ன பிள்ளை, ஓலை காய்ஞ்சு கிடக்கு. தண்ணி தெளிச்சு வைக்கேல்லையே?"

தண்ணீர் தெளித்துக் கொடுத்தேன். பெருவிரல் நகத்தால் ஓலையின் ஓரத்தை வழித்துப் பார்த்தார். அகலமாக வார்ந்த கீற்றை ஒரு பக்கம் ஒதுக்கினார். மிச்சத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து மூலையை மடக்கினார். ஓரிடத்தில் பின்னல் பிழைத்து நின்றது. கை நின்றதும் முகத்தில் பதற்றம் ஏறியது. நான் ஒன்றும் சொல்லாமல் அந்தக் கீற்றை மட்டும் இழுத்துப் பிடித்துக் கொடுத்தேன், கை திரும்பவும் ஓடத் தொடங்கியது. தடக்கிய இடத்தை மட்டும் விலக்கிக் கொடுப்பதுதான் பக்கத்தில் இருப்பவரின் வேலை. முழுவதையும் வாங்கிச் செய்து கொடுத்தால் அவருக்கு அங்கே இருக்க ஒரு காரணமும் இல்லை.

கை பழகிய வித்தையும், நேற்று நடந்ததன் ஞாபகமும் மூளையில் வேறு வேறு வழியால் போகின்றன. அல்சைமர் முதலில் தாக்குவது இரண்டாவதை. அதனால்தான் பெயர் போன பிறகும் பின்னல் நிற்கிறது. இப்படியான கைவேலைக்குப் பாட்டுக்கு இருப்பதுபோல் பெரிய ஆய்வுத் தொகுப்பு ஒன்றை நான் உங்களுக்குக் காட்டப்போவதில்லை. ஆனால் பிரித்தானியாவில் மருத்துவ வழிகாட்டிகளை எழுதும் நைஸ் அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டி, மறதி நோயாளருக்கு அவரவர் விருப்பத்துக்கு ஏற்ற செயற்பாடுகளைக் கொடுக்கச் சொல்கிறது. வாழ்நாள் முழுக்கச் செய்த தொழிலைவிட அவரவருக்கு ஏற்றது வேறு என்ன இருக்கிறது?

ஓலை தெரியாதவருக்குப் பூமாலை கட்டுதல். செவ்வரத்தை, நந்தியாவட்டை, ஒரு வாழை நார் போதும். குருநகரில் கடற்தொழில் செய்தவருக்கு ஒரு துண்டு வலை. தோட்டக்காரருக்கு வெங்காயத்தைப் பிடியாகக் கட்டுவது. தையல் ஆசிரியையாக இருந்தவருக்குத் துணி மடிப்பும், பெரிய கண்ணுள்ள மொட்டை ஊசியும். அரசாங்க உத்தியோகம் பார்த்தவருக்கு ஒரு கொப்பியும் பேனையும் சில பழைய கடிதங்களும். இதில் எது கலை, எது வேலை என்று பிரித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

செய்த பொருளுக்கு ஒரு பாவனை இருக்க வேண்டும் என்பது மட்டும் என் பிடிவாதம். மாமி இழைத்த சின்னப் பெட்டி கோணலாகத்தான் வந்தது. அதில் பூ ஆய்ந்து சாமிக்கு வைத்தோம். செய்ததை அவர் கண்முன்னே தூக்கி எறிவதோ, பின்னலைக் குலைத்து நாளைக்கும் இதையே செய்யட்டும் என்று திருப்பிக் கொடுப்பதோ கூடாது. சத்தகம், கத்தி, கூரான ஊசி எல்லாம் உங்கள் பக்கத்தில் இருக்கட்டும். ஓலையை நீங்களே வார்ந்து கொடுங்கள். நிலத்தில் சப்பாணி கட்டி இருக்க முழங்கால் விடாது என்றால் கைப்பிடி உள்ள கதிரையும் முன்னால் ஒரு சின்ன மேசையும் போடுங்கள்.

ஓவியம்

மேலைநாடுகளில் ஆர்ட் தெரபிக்குப் பெரிய பெயர். நியூயோர்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 2006இல் தொடங்கி அல்சைமர் உள்ளவர்களையும் வீட்டாரையும் ஓவியங்களுக்கு முன்னால் இருத்திக் கதைக்க வைக்கும் நிகழ்ச்சியை நடத்தியது. அழகான காரியம். ஆனால் வரைவதால் மறதி நோயாளருக்கு என்ன நன்மை என்று கொக்ரேன் 2018இல் தேடியபோது தகுதியான ஆய்வுகள் இரண்டுதான் கிடைத்தன, மொத்தம் 60 பேர். பலன் உண்டு என்றோ இல்லை என்றோ அதிலிருந்து சொல்ல முடியவில்லை. ஆக, ஓவியம் பலன் தராது என்று இதற்குப் பொருள் இல்லை. பெருஞ்செலவு செய்து ஆசிரியர் வைக்குமளவுக்கு ஆதாரம் இன்னும் இல்லை.

யாருக்கு இதை முதலில் வைப்பேன்? முன்பு வரைந்தவருக்கு, சித்திர ஆசிரியராக இருந்தவருக்கு, பேச்சுச் சொற்கள் மற்றவற்றுக்கு முந்திப் போய்விட்டவருக்கு. சொல் வராமல் ஆத்திரப்படும் ஒருவருக்கு வண்ணத்தோடு இருப்பது பெரிய இளைப்பாறல். எங்கள் வயதான பெண்களில் தூரிகை பிடித்தவர்கள் குறைவு, ஆனால் பொங்கலுக்குக் கோலம் போடாத கை இல்லை. ஒரு தட்டத்தில் மாவைப் பரப்பிப் புள்ளி வைத்துக் கொடுத்துப் பாருங்கள். கரும்பலகையும் தண்ணீரும் ஒரு தடித்த தூரிகையும் கூடப் போதும். பிழை என்று ஒன்று அதில் நிற்காது, காய்ந்துவிடும்.

சின்னப் பிள்ளைகளின் கலரிங் புத்தகத்தை மட்டும் கொடுக்காதீர்கள். அறுபது வருடம் குடும்பம் நடத்திய ஒருவரின் முன்னால் வாத்துப் படம் வைப்பது அவரைக் குறைப்பது. ஞாபகம் போனாலும் மானம் போவதில்லை. வண்ணம் நஞ்சில்லாததாக இருக்க வேண்டும், தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வண்ணத் தண்ணீர் வைக்கக் கூடாது. இரண்டையும் மாறிக் குடித்துவிடுவார்கள்.

கதையும் பழைய நினைவும்

இதில் இரண்டு வழிகள் உண்டு, இரண்டையும் குழப்பக் கூடாது. ஒன்று நினைவுமீட்டல்: பழைய படம், பழைய பொருள், பழைய வாசனை எதையாவது முன்வைத்து அந்தக் காலத்தைக் கதைக்க வைப்பது. கொக்ரேனின் 2018 அறிக்கை 22 ஆய்வுகள், 1972 பேரைப் பார்த்து, பலன்கள் உண்டு, ஆனால் சிறியவை, இடத்துக்கு இடம் மாறுபடுபவை என்றது. மற்றது கற்பனைக் கதை: 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஆன் பாஸ்டிங் தொடங்கிய டைம்ஸ்லிப்ஸ் முறை. ஞாபகத்தைக் கேட்பதே இல்லை. ஒரு விசித்திரமான படத்தைக் காட்டி, இவர் ஆர், எங்கே போகிறார், பையில் என்ன என்று கேட்டு, வந்த பதில் எதுவானாலும் அப்படியே எழுதி, கடைசியில் கதையாக வாசித்துக் காட்டுவது.

யாழ்ப்பாணத்தில் நான் இரண்டாவதைத்தான் முதலில் எடுப்பேன். காரணம் எல்லோருக்கும் தெரிந்தது: போர். எங்கள் முதியவர்களின் அல்பத்தில் சிரிக்கும் முகங்களில் பாதி இன்று இல்லை. காணாமல் போன மகனின் படத்தைக் காட்டி "இது ஆர் சொல்லுங்கோ" என்று கேட்டால் ஒரு நாள் பெயரைச் சொல்லுவார். மறுநாள் "அவன் எங்கை, ஏன் இன்னும் வரேல்லை?" என்று கேட்பார். பதில் சொன்னால் அந்தச் செய்தியை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்பதுபோல் இடிந்துபோவார். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் மழைக்குள் நாவற்குழிப் பாலம் கடந்தவருக்குக் கூட்டமும் மழையும் சேர்ந்த ஒரு படமே போதும். திருவிழா வாணவெடிக்குக் கட்டிலுக்குக் கீழே ஒளியும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அதற்காகப் பழையதைத் தொடவே கூடாது என்றில்லை. மேலே சொன்ன வயதுக் கணக்கு இங்கும் உதவும். இன்று எண்பதை நெருங்குபவருக்கு ஆழப் பதிந்த காலத்தின் பெரும்பகுதி போருக்கு முந்தியது: யாழ்தேவியில் கொழும்புக்குப் போனது, சுருட்டுக் கொட்டில், ஒடியல் கூழ், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, கீரிமலையில் குளித்தது. படங்களுக்குப் பதில் பொருளைக் கொடுங்கள். திருகணை, இடியப்ப உரல், பழைய றங்குப் பெட்டிச் சாவி. ஆட்களைப் பற்றிக் கேட்காமல் வேலையைப் பற்றிக் கேளுங்கள்: "கூழுக்கு எந்த மீன் நல்லது?" அதற்கு ஞாபகம் வேண்டாம், அனுபவம் போதும். கதை தானாகப் போர்ப்பக்கம் திரும்பினால் தடுக்க வேண்டாம். கையைப் பிடித்துக் கேளுங்கள், நீங்களாகத் தோண்டாதீர்கள். அடிக்கடி அங்கேயே போய் நித்திரை கெடுகிறது என்றால் அது மனநல டொக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

ஆட்டமும் அசைவும்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். நடன அசைவுச் சிகிச்சை பற்றி கொக்ரேன் 2023இல் தேடியபோது சேர்க்கக்கூடியதாக ஒரே ஒரு ஆய்வு, ஆரம்ப நிலையில் இருந்த 204 பேர். ஆதாரம் குறைவு, விழுந்து இடுப்பு முறியும் ஆபத்து நிஜம். ஆனால் நாள் முழுக்க நடந்து திரியும் ஆளுக்கு, உடம்பில் தெம்பும் இருந்தால், பாட்டோடு இதைச் சேர்க்கலாம். கதிரையில் இருந்தபடி கும்மிக்குக் கை தட்டுவது, கோலாட்டக் கம்பை எதிரே இருப்பவரின் கம்போடு தட்டுவது, காவடி மெட்டுக்குத் தோளை அசைப்பது. எழுந்து ஆட விரும்பினால் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஆடுங்கள், நிலம் ஈரமில்லாமல் இருக்கட்டும்.

வீட்டிலா, வெளியிலா, ஆள் வைத்தா?

இசை, ஓவிய, நாடகச் சிகிச்சையாளர்களுக்குப் பிரித்தானியாவில் சட்டப்படி பதிவு உண்டு. எங்கள் ஊரில் நிலைமை வேறு. மருதனார்மடத்தில் பல்கலைக்கழகப் பீடத்தில் இசையும் நடனமும் படித்து வெளியேறும் பிள்ளைகள் நிறைய. அவர்களில் ஒருவரைக் கிழமைக்கு ஒரு நாள் வரவழைத்துப் பாட வைப்பது நல்ல யோசனை, ஆனால் வருத்தத்தைப் பற்றி நீங்கள்தான் அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கச்சேரி வேண்டாம், சேர்ந்து பாட வேண்டும். பிழையாகப் பாடினால் சிரிக்கவோ திருத்தவோ கூடாது. எழுந்து போனால் போகவிட வேண்டும். தெரபிஸ்ட் என்று சொல்லி வருபவரிடம், மறதி நோயாளரோடு முன்பு வேலை செய்திருக்கிறாரா, அவர் அழுதால் என்ன செய்வார், செய்வதை வீட்டாருக்கும் பழக்கித் தருவாரா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு ஆம் என்று சொல்பவருக்குக் காசு கொடுக்கலாம்.

கலைக்கு வெளியே ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆரம்ப, நடு நிலையில் இருப்பவருக்கு ஞாபகத்தில் கொஞ்சமாவது முன்னேற்றம் வேண்டும் என்று எதிர்பார்த்தால், அறிவாற்றலைத் தூண்டும் குழுப் பயிற்சி ஒன்று இருக்கிறது. ஏழு கிழமை, கிழமைக்கு இரண்டு என்று 14 அமர்வுகள். நைஸ் வழிகாட்டி இதைப் பரிந்துரைக்கிறது. சென்னையில் இதைத் தமிழுக்கு ஏற்றபடி மாற்றிச் செய்து பார்த்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள்.

குழுவாகச் செய்வதற்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. கொழும்பில் லங்கா அல்சைமர் மன்றம் மறதி நோயாளருக்கென்றே செயற்பாட்டு நிலையம் நடத்துகிறது. அதுபோல ஒன்று வரும்வரைக்கும் எங்களிடம் ஊர் ஊராகச் சனசமூக நிலையங்களும் முதியோர் சங்கங்களும் கோயில் மடங்களும் இருக்கின்றன. சங்கக் கூட்டத்தின் கடைசி அரை மணித்தியாலம் எல்லோரும் பாடினால், மறதி உள்ளவரும் மறதி இல்லாதவரும் ஒன்றாக இருப்பார்கள். ஆர் நோயாளி என்று சுட்டவும் தேவையில்லை. "அறளை பெயர்ந்துட்டுது" என்று சனம் சொல்லும் என்று பயந்து வீட்டுக்குள் வைத்திருப்பவர்களையும் அப்படி வெளியில் கொண்டுவரலாம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வீடியோவில் வந்து "நான் ஆர், சொல்லுங்கோ பாப்பம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். "அம்மா, நான் உங்கட மூத்த மகள் கதைக்கிறன்" என்று நீங்களே சொல்லிவிட்டு ஒரு பாட்டைப் பாடுங்கள். இணையத்தில் சத்தம் பிந்தி வருவதால் இரு பக்கமும் ஒரே நேரத்தில் பாட வராது. ஒரு பாட்டை நீங்கள், அடுத்ததை அவர். காசு அனுப்புவதென்றால், பார்ப்பவர் கிழமைக்கு ஒரு பின்னேரம் நிம்மதியாகக் கோயிலுக்கோ சந்தைக்கோ போய்வர ஒரு ஆளை ஒழுங்கு செய்யுங்கள். களைத்துப் போனவரால் பாட முடியாது.

தெரிவு செய்ததை எவ்வளவு நாள் பார்ப்பது? முதல் நாள் எழுந்து போய்விட்டார் என்று கைவிடாதீர்கள். இசை ஆய்வுகளில்கூட ஐந்து அமர்வாவது நடந்தவற்றைத்தான் கணக்கில் எடுத்தார்கள். கிழமைக்கு இரண்டு மூன்று நாள், ஒரே நேரம், ஒரே இடம், இருபது நிமிடம் என்று ஒரு மாதம் செய்யுங்கள். சுவரில் தொங்கும் கலண்டரில் அன்றைய திகதிக்கு நேரே இரண்டு விஷயம் குறியுங்கள்: இரவுச் சாப்பாடு எப்படி, நித்திரை எப்படி. செய்த நாளுக்கும் செய்யாத நாளுக்கும் வித்தியாசம் தெரிந்தால் தொடருங்கள். ஒன்றும் தெரியவில்லை, அவருக்கும் விருப்பமில்லை என்றால் அடுத்ததை எடுங்கள். வருத்தம் கூடக்கூட, பாடியவர் முணுமுணுப்பவராவார், பின்பு கேட்பவராவார். பெட்டி இழைத்தவர் ஓலையைத் தடவுபவராவார். அப்போது பாட்டைச் சின்னதாக்குங்கள், கீற்றைக் குறையுங்கள், பக்கத்துக் கதிரையில் நீங்கள் இருப்பதை மட்டும் குறைக்க வேண்டாம்.